முடியளவு மோட்டார் எங்கே போனது?

எம்.இ. படிக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "1988லேயே தலைமுடி அளவில் நிலைமின் மோட்டார் செய்துவிட்டார்கள் என்று பாடப்புத்தகத்தில் படம் இருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் அதை எந்தப் பொருளிலும் காணோம். நிலைமின் விசை பலவீனமானது என்பதால் கைவிட்டுவிட்டார்களா? இதை நான் புராஜெக்டாக எடுக்கலாமா சார்?"

பார்க்க ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவில் நிலைமின் விசை ஒரு பொருளை அசைக்கப் போதுமா என்பது ஒன்று. போதும் என்றால் சுழலும் மோட்டார் ஏன் கடைக்கு வரவில்லை என்பது இன்னொன்று. முதலாவதுக்கு என் பதில்: தாராளமாகப் போதும். இரண்டாவதுக்கு: விசை தோற்கவில்லை, பேரிங் தோற்றது. இந்த நிமிடம் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனில் அநேகமாக ஒரு நிலைமின் இயக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. அது சுழலவில்லை, ஆடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் எல்லாமே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

நான் பேசுவது எந்த அனுபவத்திலிருந்து என்று சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடமாக மெம்ஸ் (சிலிக்கான் சிப்பில் செதுக்கும் நுண் இயந்திரங்கள்) சென்சார்களின் வடிவமைப்பிலும் டெஸ்டிங்கிலும் இருக்கிறேன். கையாண்டதில் பெரும்பகுதி காம்ப் டிரைவ் (சீப்புப் பற்கள் மாதிரியான நிலைமின் இயக்கி, பின்னால் விளக்குகிறேன்) வைத்தவை. சுழலும் மைக்ரோமோட்டாரை நான் செய்ததில்லை. அதைப் பற்றி எழுதுவது அந்தக் காலத்துக் கட்டுரைகளைப் படித்தும், அதே உரசல் தொல்லையை வேறு இடங்களில் அனுபவித்தும் அறிந்தது.

முதலில் அந்த "பலவீனம்" என்ற எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். அது தவறான எண்ணம் இல்லை, பெரிய அளவுகளில் முழுக்கச் சரி. பிளஸ் டூவில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டைத் தூக்கினோம். அதற்கு மேல் அந்த விசையால் ஒன்றும் ஆகாது என்றுதான் மனதில் பதிந்தது. காரணம் காற்று. ஒரு மீட்டருக்கு சுமார் 30 லட்சம் வோல்ட்டைத் தாண்டினால் காற்று தாங்காமல் பொறி பறக்கும். அந்த எல்லையில் மின்புலத்தில் ஒரு கன மீட்டருக்குத் தேங்கும் ஆற்றல் சுமார் 40 ஜூல். மோட்டார்களில் சாதாரணமாகக் கிடைக்கும் 1 டெஸ்லா காந்தப்புலத்தில் அதே கன மீட்டருக்கு சுமார் 4 லட்சம் ஜூல். பத்தாயிரம் மடங்கு. உங்கள் வீட்டு மிக்ஸியில் காந்தம் இருப்பது இதனால்தான். பெஞ்சமின் பிராங்க்ளின் 1740களின் கடைசியில் நிலைமின் சக்கரம் ஒன்றைச் சுழல வைத்து, அதில் வான்கோழியைச் செருகி வாட்டலாம் என்றுகூட எழுதினார். மோட்டார் வரலாற்றில் நிலைமின்தான் மூத்தது. ஆனால் காந்தம் வந்ததும் மூத்தவரைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இடைவெளி சில மைக்ரானாகச் சுருங்கும்போது கதை மாறுகிறது. காற்றில் பொறி பறக்க வேண்டுமானால் ஒரு எலக்ட்ரான் போகிற வழியில் பல மூலக்கூறுகளை மோதி, ஒவ்வொரு மோதலிலும் புது எலக்ட்ரான்களைக் கிளப்பி, அது பெருகிக்கொண்டே போக வேண்டும். இரண்டு மைக்ரான் இடைவெளியில் அந்தப் பெருக்கத்துக்குத் தேவையான தூரமே கிடையாது. பாஷன் வளைகோடு என்று படித்திருப்பீர்கள், இடைவெளிக்கும் பொறி பறக்கும் வோல்ட்டுக்கும் உள்ள தொடர்பு அது. சாதாரண காற்றழுத்தத்தில் ஏழெட்டு மைக்ரான் இடைவெளியில் உடைவு மின்னழுத்தம் மிகக் குறைவாக, 330 வோல்ட்டுக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். அதற்குக் கீழே இடைவெளியைக் குறைத்தால் அந்த வளைகோட்டின்படி மறுபடியும் ஏற வேண்டும். நடைமுறையில் அப்படியே ஏறுவதில்லை. ஐந்து மைக்ரானுக்குக் கீழே மின்முனையின் பரப்பிலிருந்தே எலக்ட்ரான்கள் நேரடியாகக் கிளம்பிவிடுகின்றன. பரப்பின் சொரசொரப்பு, அழுக்கு, பொருள் எல்லாம் கணக்கில் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே இன்ன வோல்ட்டில்தான் உடையும் என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால் சந்தேகப்படுங்கள். ஆனால் ஒரு மீட்டருக்குப் பத்து கோடி வோல்ட் அளவுக்கான புலத்தை இந்த இடைவெளிகள் தாங்கும் என்றால், தேங்கும் ஆற்றல் கன மீட்டருக்கு 44,000 ஜூலாகிவிடுகிறது. பத்தாயிரம் மடங்கு வித்தியாசம் பத்து மடங்காகக் குறுகிவிட்டது.

இதைவிட எனக்குப் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு. இரண்டு இணைத் தகடுகளுக்கு நடுவிலான இழுவிசை, பரப்பை இடைவெளியின் இருமடியால் வகுத்த அளவைப் பொறுத்தது. நீளம், அகலம், இடைவெளி எல்லாவற்றையும் பத்தில் ஒன்றாக்குங்கள். பரப்பு நூறில் ஒன்றாகும், இடைவெளியின் இருமடியும் நூறில் ஒன்றாகும். அதாவது வோல்ட்டை மாற்றாமல் சாதனத்தை மட்டும் சுருக்கினால் விசை குறைவதே இல்லை. எடையோ ஆயிரத்தில் ஒன்றாகிவிடுகிறது. எண்ணைப் போட்டுப் பாருங்கள்: 100 மைக்ரானுக்கு 100 மைக்ரான் தகடு, 2 மைக்ரான் இடைவெளி, 10 வோல்ட். விசை சுமார் 1.1 மைக்ரோநியூட்டன். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் அந்தத் தகடு 2 மைக்ரான் தடிமனுள்ள சிலிக்கான் என்றால் அதன் எடை 0.0005 மைக்ரோநியூட்டன்கூட இல்லை. தன் எடையைப்போல இரண்டாயிரம் மடங்குக்கு மேல் இழுக்கிற விசையைப் பலவீனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. "சிறிதாக்கினால் காந்தம் படுத்துவிடும்" என்று பல பாடக்குறிப்புகளில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மின்னோட்ட அடர்த்தி மாறாது என்று வைத்துக்கொண்டால் இரண்டு கம்பிகளுக்கு இடையிலான காந்த விசை நீளத்தின் நான்காம் அடுக்கில் சரிகிறது, அது உண்மை. ஆனால் சிறிய கம்பி சீக்கிரம் சூடு தணியும், அதனால் அதில் அடர்த்தியாக மின்னோட்டம் செலுத்தலாம். நிரந்தரக் காந்தத்தையும் சேர்த்தால் சரிவு இன்னும் குறையும். எந்த அனுமானத்தோடு தொடங்குகிறோமோ அதற்கேற்ற விடை வரும். ஆகவே மெம்ஸில் நிலைமின் விசை ஆட்சி செய்வதற்கு, அளவு சிறுத்தால் விசை எப்படி மாறும் என்ற கணக்கு மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். என் கணிப்பில் பெரிய காரணம் செய்முறை. சுருள் சுற்ற வேண்டும், இரும்புக் கரு வேண்டும், காந்தம் படிய வைக்க வேண்டும்; இவை எதுவும் சிலிக்கான் சிப் தொழிற்சாலைக்குப் பழக்கமான வேலைகள் இல்லை. நிலைமின் இயக்கிக்கு மின்கடத்தி வேண்டும், நடுவில் இடைவெளி வேண்டும், அவ்வளவுதான். இரண்டையும் அந்தத் தொழிற்சாலை தூக்கத்திலும் செய்யும்.

இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 1959 டிசம்பரில் கலிபோர்னியாவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் பேசிய இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலத்தில் 64ல் ஒரு பங்குக்குள் அடங்கும் மோட்டார் செய்பவருக்கு 1,000 டாலர் தருவதாகச் சொன்னார். புதுத் தொழில்நுட்பம் பிறக்கும் என்பது அவர் ஆசை. 1960ல் வில்லியம் மெக்லெல்லன் என்ற பொறியாளர் மைக்ரோஸ்கோப்பும் சின்னஞ்சிறு கருவிகளுமாக உட்கார்ந்து, சாதாரண காந்த மோட்டாரையே கையால் அந்த அளவில் செய்து காட்டிப் பணத்தை வாங்கிப் போனார். புதுத் தொழில்நுட்பம் ஒன்றும் பிறக்கவில்லை. 0.4 மில்லிமீட்டரில் காந்த மோட்டார் ஓடும் என்பது அன்றே நிரூபணம் ஆனது. ஒரே தட்டில் ஆயிரக்கணக்கில் அச்சடிக்க முடியாது என்பதுதான் அதன் குறை.

அச்சடிக்கும் வழி வேறு இடத்திலிருந்து வந்தது. 1967ல் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் நேதன்சனும் அவருடைய குழுவினரும் டிரான்சிஸ்டரின் கேட் (gate) மின்முனைக்குப் பதிலாக ஒரு தங்கக் கம்பத்தை (பீம், அதாவது வளையக்கூடிய மெல்லிய பட்டை) தொங்கவிட்டு, நிலைமின் விசையால் அதிர வைத்து, அந்த அதிர்வெண்ணை மட்டும் தேர்ந்தெடுக்கும் சாதனத்தைப் பற்றி எழுதினார்கள். அந்தக் கட்டுரையிலேயே இன்றைய மெம்ஸின் பாதி இருக்கிறது. புல்-இன் கணக்கும் அதில் உண்டு. நிலைமின் விசையின் பெரிய குணக்கேடு இந்தப் புல்-இன். தகடு நெருங்க நெருங்க இழுவை இருமடியில் கூடுகிறது, ஸ்பிரிங்கோ நேர்விகிதத்தில்தான் எதிர்க்கிறது. தகடு இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்ததும் ஸ்பிரிங் கைவிட்டுவிடும், தகடு சடாரென்று போய் ஒட்டிக்கொள்ளும். மேலே சொன்ன அதே தகட்டை மீட்டருக்கு 1 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்கில் தொங்கவிட்டால் 5.2 வோல்ட்டில் இது நடக்கும். இடைவெளியை 3 மைக்ரானாக்கினால் 9.5 வோல்ட். இன்னொரு குணத்தையும் நினைவில் வையுங்கள்: கடத்திகளால் ஆன இந்த மாதிரி இயக்கியில் விசை இழுக்க மட்டுமே செய்யும், தள்ளாது. வோல்ட்டின் குறியை மாற்றினாலும் இழுக்கும்.

சரி, 1988க்கு வருவோம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லாங்-ஷெங் ஃபான், யூ-சோங் டாய், ரிச்சர்ட் முல்லர் மூவரும் பாலிசிலிக்கானில் (பல சிறு படிகங்களாலான சிலிக்கான் படலம்) சுழலும் மோட்டாரை ஓட்டிக் காட்டினார்கள். சுழலி 120 மைக்ரான் விட்டம், ஒன்றரை மைக்ரான் போலத் தடிமன். தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. சுற்றிலும் நிலையான மின்முனைகள், நடுவில் பற்கள் கொண்ட சுழலி. வெளிமுனைகளுக்கு வரிசையாக வோல்ட் கொடுத்தால் அருகிலுள்ள பல் அங்கே இழுபடும். அது நேருக்கு நேர் வந்ததும் அடுத்த முனைக்கு மாற்றினால் இன்னொரு பல் இழுபடும். ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டார் தெரிந்தவர்களுக்கு இது அதன் மின்தேக்கி வடிவம் என்று சொன்னால் போதும். அதே காலத்தில் எம்ஐடியில் மெஹ்ரகனி, லாங், செந்தூரியா முதலானோர் இன்னொரு வரிசை மோட்டார்களைச் செய்து நிமிடத்துக்கு 15,000 சுற்று வரை கொண்டுபோனார்கள். செய்தித்தாள்கள் ரத்தக்குழாயில் நீந்தும் இயந்திரங்களைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டன. பேனா கையில் இருந்தால் யாரும் எழுதுவார்கள்தான்.

அந்த மோட்டாருக்கு எவ்வளவு முறுக்குவிசை என்று நாமே போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை மைக்ரான் தடிமன், 2 மைக்ரான் இடைவெளி, 100 வோல்ட் என்றால் ஒரு பல்லுக்கு சுமார் 0.03 மைக்ரோநியூட்டன். 60 மைக்ரான் ஆரத்தால் பெருக்கினால் 2 பிக்கோநியூட்டன்-மீட்டர். நாலைந்து பற்கள் சேர்ந்து இழுத்தால் பத்துப் பிக்கோ. சுழலி தன்னைத்தானே சுழற்றிக்கொள்ள இது போதும். ஆனால் சுழலி அந்தரத்தில் மிதக்கவில்லை. நடுவிலுள்ள அச்சின் மேல் உரசுகிறது, அடியிலும் உரசுகிறது. அடியில் இருக்கும் தளத்துக்கும் சுழலிக்கும் இம்மி மின்னழுத்த வேறுபாடு வந்தாலும் சுழலி தரையோடு அமுங்கிவிடும். அதைத் தவிர்க்க அடியில் ஒரு கடத்தும் தளம் வைத்து இரண்டையும் ஒரே மின்னழுத்தத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. கிடைக்கிற முறுக்குவிசையில் கணிசமான பங்கை உரசலே சாப்பிட்டுவிடும், மிச்சத்தை வைத்து ஒரு பல்சக்கரத்தையாவது ஓட்ட முடியுமா என்பதே கேள்வியானது.

எண்ணெய் போடக்கூடாதா என்று கேட்பீர்கள். இந்த அளவில் எண்ணெய் உயவுப் பொருளாக வேலை செய்யாது, பசையாகத்தான் வேலை செய்யும். ஈரமான இரண்டு எவர்சில்வர் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துவிட்டுப் பிரிக்கப் பார்த்திருப்பீர்கள். ஈர மேசையில் ஒட்டிய வாழையிலையையும் பார்த்திருப்பீர்கள். திரவத்தின் பரப்பு இழுவிசை நீளத்தின் முதல் அடுக்கில்தான் குறைகிறது, எடை மூன்றாம் அடுக்கில் குறைகிறது. மைக்ரான் உலகில் ஈரம் ராட்சசன். மெம்ஸ்காரர்கள் இதை ஸ்டிக்‌ஷன் என்பார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் நான் ஒரு டையின் (வெட்டியெடுத்த சிப் துண்டின்) மேல் தூசி இருக்கிறதே என்று வாயால் ஊதினேன். மூச்சுக்காற்றின் ஈரம் பட்டு அதிலிருந்த கம்பங்கள் எல்லாம் தளத்தோடு ஒட்டிக்கொண்டன. எங்கள் லேபின் மூத்த டெக்னீஷியன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊதினா அடுப்புதான் தம்பி எரியும், பீம் நிமிராது" என்றார். அந்த டை இன்றும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

உரசல் எப்படிக் கொல்லும் என்பதை மிகத் தெளிவாகக் காட்டியது அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்து வேலை. அவர்கள் நேரடியாகச் சுழலும் மோட்டாரை விட்டுவிட்டு, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு காம்ப் டிரைவ்களை வைத்து, ரயில் எஞ்சினின் இணைப்புத்தண்டு மாதிரி ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றினார்கள். அருமையாக ஓடியது. பிறகு எத்தனை சுற்று தாங்கும் என்று கூட்டம் கூட்டமாக ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிங்குகள் முறியவில்லை, காம்ப் விரல்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. உரசும் ஊசியும் அச்சும்தான் தேய்ந்தன. தேய்ந்த தூள் சேர்ந்து சக்கரம் இறுகியது. காற்று ரொம்ப உலர்ந்திருந்தால் தூள் அதிகம், கொஞ்சம் ஈரம் இருந்தால் குறைவு. ஈரம் கூடினால் ஒட்டிக்கொள்ளும் பயம், குறைந்தால் தேயும் பயம். இந்த இரண்டுக்கும் நடுவில் பொருள் செய்து விற்று உத்தரவாதம் தர யார் முன்வருவார்கள்? உரசலைக் குறைக்க சுழலியை வழுக்கவிடாமல் உருள வைத்த வாபிள் மோட்டார்களும் வந்தன. தேய்மானம் குறைந்தது, ஒழியவில்லை.

அதே சமயம் பெர்க்லியில் இன்னொரு மூலையில் விடை கிடைத்திருந்தது. 1989ல் வில்லியம் டாங், ரோஜர் ஹவ் குழுவினர் காம்ப் டிரைவை வெளியிட்டார்கள். இரண்டு சீப்புகளைப் பல்லுக்குள் பல் நுழைகிற மாதிரி எதிரெதிரே வையுங்கள். ஒன்று அசையாதது, மற்றது வளையும் கம்பங்களில் தொங்குவது. வோல்ட் கொடுத்தால் பல்லுக்குள் பல் இன்னும் ஆழமாக நுழையும். இடைவெளி மாறுவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று கவியும் நீளம்தான் மாறுகிறது. அதனால் விசை நகர்ச்சியைப் பொறுத்து மாறாது, அந்தத் திசையில் புல்-இன் தொல்லையும் இல்லை. நூறு பற்கள், 2 மைக்ரான் தடிமன், 2 மைக்ரான் இடைவெளி, 30 வோல்ட் என்றால் 0.8 மைக்ரோநியூட்டன். தடிமனை 25 மைக்ரானாக்கினால் 10. ஆழமாகச் செங்குத்தாகச் சிலிக்கானைச் செதுக்கும் முறை 1990களில் பாஷ் நிறுவனத்திலிருந்து வந்தபோது அந்தத் தடிமன் சாதாரணமாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, இதில் எதுவும் எதன்மேலும் உரசுவதில்லை. மூட்டு கிடையாது, அச்சு கிடையாது, வளையும் கம்பம் மட்டும்தான். ஒற்றைப் படிகச் சிலிக்கான் அறை வெப்பத்தில் உலோகம் மாதிரி நிரந்தரமாக நெளிவதில்லை. வளையும், மீளும், அளவுக்கு மீறினால் சட்டென்று உடையும்.

இதற்குப் பிறகு நடந்தது எல்லாம் இந்தப் பக்கம்தான். 1990களின் தொடக்கத்தில் அனலாக் டிவைசஸ் நிறுவனம் கார்களின் ஏர்பேக்குக்காகக் கொண்டுவந்த முடுக்கமானியில் இதே போன்ற விரல்கள் அசைவை அளக்கவும், நிலைமின் விசையால் தன்னைத்தானே இழுத்துப் பார்த்துச் சோதித்துக்கொள்ளவும் பயன்பட்டன. போனில் இருக்கும் கைரோஸ்கோப்பில் ஒரு சிறு நிறையை காம்ப் டிரைவ் விடாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் போனைத் திருப்பினால் கோரியோலிஸ் விசை அதைப் பக்கவாட்டில் இம்மியளவு தள்ளும், அதைத்தான் அளக்கிறார்கள். ஆட்டும் வேலைக்கு இங்கே மின்சாரச் செலவு மிகக் குறைவு. மேலே கணக்குப் போட்ட தகட்டின் மின்தேக்குத்திறன் 44 ஃபெம்டோபாரட்தான், அசையாமல் பிடித்துவைக்க மின்னோட்டமே வேண்டாம். போனுக்குள் கடிகாரத் துடிப்பு தரும் மெம்ஸ் ஆசிலேட்டர்களும் இந்த வகை. 2018ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் எம்ஆர்ஐ கருவியை நிறுவும்போது ஹீலியம் கசிய, அங்கிருந்தவர்களின் ஐபோன்களும் ஆப்பிள் வாட்ச்சுகளும் மட்டும் கும்பலாகச் செத்து, சில நாட்களில் தாமாகப் பிழைத்தன. வெற்றிடமாக மூடிய ஆசிலேட்டருக்குள் ஹீலியம் ஊடுருவி, ஆடுகிற சிலிக்கானைத் தடுத்துவிட்டது. உள்ளே ஏதோ ஒன்று நிஜமாகவே ஆடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல நிரூபணம் எனக்குத் தெரியாது.

தொடாமல் ஆடுபவைதான் ஜெயித்தன என்று சொன்னதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு, அதை மறைத்தால் நேர்மையாகாது. 1987ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்த நுண்கண்ணாடி சிப். நீங்கள் படம் பார்க்கும் தியேட்டரில் டிஎல்பி புரொஜெக்டர் என்றால் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்குள் கண்ணாடி இருக்கிறது. ஆரம்பத்தில் ஒவ்வொன்றும் 16 மைக்ரான் சதுரம், பத்து டிகிரி இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் சாயும், பின்னாளில் பன்னிரண்டு டிகிரி. சாய்ப்பது நிலைமின் விசை. எல்லோரும் பயந்து ஒதுங்கிய புல்-இன்னை அவர் வேண்டுமென்றே உபயோகித்தார். கண்ணாடி சாய்ந்து தடுப்பில் போய் முட்டி நிற்கிறது, அதனால் கோணம் எப்போதும் ஒன்றே. அப்படியானால் ஒட்டிக்கொள்ளாதா? ஒட்டியது. முட்டும் முனையைச் சிறு ஸ்பிரிங்காக்கி, ஒட்டாத ஒற்றை மூலக்கூறுப் பூச்சு பூசி, ஈரம் புகாமல் மூடி, பல வருடம் போராடித்தான் 1996ல் சந்தைக்கு வந்தார்கள். கவனியுங்கள், இங்கேயும் முட்டல்தான் இருக்கிறது, தேய்த்துக்கொண்டு வழுக்குவது இல்லை. ஹார்ன்பெக்குக்கு 2015ல் ஆஸ்கர் அமைப்பு விருது கொடுத்தது. மெம்ஸ்காரர்களில் சினிமா விருது வாங்கியவரைப் பார்த்து எங்களுக்கெல்லாம் கொஞ்சம் பொறாமைதான்.

இன்னும் தீராத விஷயங்களும் இருக்கின்றன. ரேடியோ அலை மெம்ஸ் சுவிட்சுகளில் ஒரு வகையில் இரண்டு உலோகங்களுக்கு நடுவில் மெல்லிய மின்காப்புப் படலம் இருக்கும். வோல்ட்டைப் பிடித்துவைத்தால் அதில் மின்னூட்டம் சிக்கிக்கொண்டு, வோல்ட்டை எடுத்த பிறகும் சுவிட்ச் ஒட்டியே கிடக்கும். சிக்குகிறது என்பது உறுதி. எவ்வளவு வேகத்தில், பரப்பிலா உள்ளேயா என்பதற்கு ஒவ்வொரு படலத்துக்கும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள், ஒரு தொழிற்சாலையின் எண் இன்னொன்றுக்குச் செல்லாது. பாலிசிலிக்கான் களைப்படைவதும் அப்படித்தான். உச்ச அழுத்தத்தில் கோடிக்கணக்கான முறை ஆட்டினால், காற்றில், உடைவதைக் காட்டியிருக்கிறார்கள். மேலே படியும் ஆக்சைடு தடித்து விரிசல் விடுவதாக ஒரு தரப்பு, ஆக்சைடு இல்லாமலே உள்ளே சேதம் சேர்வதாக இன்னொரு தரப்பு. நாங்கள் வடிவமைக்கும்போது உடைவு அழுத்தத்துக்கு வெகு கீழே நின்றுகொண்டு இந்தச் சண்டையை வேடிக்கை பார்க்கிறோம்.

அப்படியானால் சுழலும் மோட்டாருக்கு இடமே இல்லையா? மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் அது காந்தத்தின் ஊர். குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் முள்ளை நகர்த்துவது நிரந்தரக் காந்தம் வைத்த குட்டி ஸ்டெப்பர். போனை அதிர வைப்பதும், கேமரா லென்ஸை முன்பின் நகர்த்துவதும் பெரும்பாலும் காந்தமும் சுருளும்தான். லென்ஸ் வேலைக்கு நிலைமின் மெம்ஸ் கொண்டுவரச் சிலர் முயன்று பார்த்துவிட்டார்கள், விலையில் சுருளை வெல்ல முடியவில்லை. நூறு மைக்ரான் முதல் ஒரு மில்லிமீட்டர் வரையிலான இடம்தான் வழக்கு நடக்கும் எல்லைநிலம். அங்கே பீசோவும் (வோல்ட் கொடுத்தால் நீண்டு சுருங்கும் பொருள்) வெப்ப இயக்கிகளும் வருகின்றன. பீசோவில் என் கை அனுபவம் குறைவு, அதனால் அதைப் பற்றி நீட்டவில்லை.

புராஜெக்டுக்கு வருகிறேன். சுழலும் மோட்டாரை எடுக்காதீர்கள். ஒரு வருடத்தில் உரசலோடு மல்லுக்கட்டி ஒன்றும் கையில் நிற்காது. காம்ப் டிரைவ் ரெசனேட்டர் (தன் இயல்பான அதிர்வெண்ணில் ஆடும் சாதனம்) ஒன்றை எடுங்கள், அதில் கற்க வேண்டியது ஏராளம். இந்தியாவில் படிக்கிறீர்கள் என்றால் பெங்களூரு ஐஐஎஸ்சி, ஐஐடி பம்பாய் இரண்டிலும் உள்ள நானோ ஃபேப்ரிகேஷன் வசதிகளை வெளிக் கல்லூரி மாணவர்கள் பயன்படுத்த ஒரு அரசுத் திட்டம் இருக்கிறது, உங்கள் கைடிடம் சொல்லி விசாரியுங்கள். வடிவமைக்கும்போது கம்பத்தை மடித்த வடிவில் வையுங்கள், நேர்க்கம்பம் உள்அழுத்தத்தில் விறைத்துவிடும். பக்கவாட்டு விறைப்பு போதவில்லை என்றால் பற்கள் பக்கத்தில் சாய்ந்து ஒட்டும், நீளவாட்டில் புல்-இன் இல்லை என்று நம்பி ஏமாந்தவர்கள் பலர். சீப்புக்கு அடியில் கடத்தும் தளம் இருந்தால், சீப்பு முன்னே போவதோடு கொஞ்சம் மேலேயும் எழும்பும். சிமுலேஷனை இரு பரிமாணத்தில் மட்டும் செய்தால் இது தெரியாது.

சோதனை மேசைக்குப் போகும்போது இரண்டு விஷயம். வோல்ட் தரும் கம்பியில் தொடராக ஒரு மெகாஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். பற்கள் ஒட்டிக்கொண்டால் மின்னோட்டம் பாய்ந்து பற்றவைத்துவிடாமல் அது காக்கும். நான் அதை மறந்த நாளில் நாற்பது பற்களும் ஒரே உருண்டையானது. இரண்டாவது, விசை வோல்ட்டின் இருமடியைப் பொறுத்தது என்பதால், டிசி சேர்க்காமல் வெறும் சைன் அலை கொடுத்தால் விசை இருமடங்கு அதிர்வெண்ணில் வரும். கணக்கில் 20 கிலோஹெர்ட்ஸ் என்று வந்த ரெசனன்ஸ் அங்கே காணவில்லை என்றால் டையைக் குறை சொல்வதற்கு முன் ஜெனரேட்டரை 10க்குத் திருப்பிப் பாருங்கள்.